போர் நடக்கும் நாட்டுக்கு உதவிப் பணிக்குக் கிளம்புகிறீர்களா? விமானம் ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

நான் செவிலியர். மதுரையில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, தெற்கு சூடானின் மலக்காலில் ஒன்பது மாதம் இருந்து வந்தேன். போவதற்கு முன் காகிதங்களுக்காக அலைந்தது ஐந்து மாதம். யாராவது முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அதில் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். திரும்பி வந்ததிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது கூப்பிட்டு ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

எதற்காகப் போகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. காகிதம், பணம், நாள் கணக்கு இந்த மூன்றைப் பற்றித்தான் இதில் இருக்கும். 2024இல் மட்டும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்குச் சொல்கிறது. போகிற இடம் அப்படி. அங்கே ஏதாவது ஆகிவிட்டால் உங்களையும் வீட்டில் இருப்பவர்களையும் தாங்கிப் பிடிக்கப்போவது இங்கே நீங்கள் கேட்டு வாங்கி வைத்த காகிதங்கள்தான்.

1. யாருடன் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தனியாகப் போகாதீர்கள். பையை மாட்டிக்கொண்டு எல்லை வரை போய்ச் சேர்ந்துவிட்டால் யாராவது வேலை கொடுப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், மனசு நல்ல மனசுதான், ஆனால் ஒரு அமைப்பின் பெயர் பின்னால் இல்லாவிட்டால் நீங்கள் எந்தச் சாலையில் வருகிறீர்கள் என்று சண்டை போடும் தரப்புகளுக்குச் சொல்ல ஆள் இல்லை, அடிபட்டால் தூக்கிவர விமானம் இல்லை, காணாமல் போனால் தேட ஆள் இல்லை.

எல்லைகளற்ற மருத்துவர்கள், பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, ஐ.நா. தன்னார்வலர் திட்டம் போன்றவை விண்ணப்பத்துக்கும் நேர்காணலுக்கும் பணம் வாங்குவதில்லை. விமான டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருவார்கள், மாதச் செலவுக்கு ஒரு தொகையும் உண்டு. ‘பிராசஸிங் ஃபீஸ்’, ‘விசா முன்பணம்’ என்று எவராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் உங்கள் தொழிலில் குறைந்தது இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். விண்ணப்பித்ததிலிருந்து ஊர் ஒதுக்கப்படும் வரை சில மாதங்கள் ஆவது சாதாரணம், அந்த இடைவெளியில்தான் கீழே உள்ள வேலைகளை முடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். உங்கள் நாட்டு அரசே தடை போட்டிருக்கும் நாடா? இந்தியக் குடிமக்கள் ஏமனுக்குப் போக 2017இல் அரசு தடை விதித்தது, மீறினால் பாஸ்போர்ட் முடக்கப்படும். அமைப்பு தேர்ந்தெடுத்துவிட்டது என்பதற்காக அந்தத் தடை விலகாது.

2. பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும்

பாஸ்போர்ட் நீங்கள் திரும்பி வரும் தேதியைத் தாண்டியும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஒன்பது மாத ஒப்பந்தம் என்றால் கிளம்பும் நாளில் கையில் குறைந்தது பதினைந்து மாதம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதுப்பிக்கிறீர்கள் என்றால் 36 பக்கத்துக்கு (1,500 ரூபாய்) பதில் 60 பக்கமாக (2,000 ரூபாய்) வாங்குங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை ஓய்வுக்காகப் பக்கத்து நாட்டுக்கு அனுப்புவார்கள், ஒவ்வொரு முறையும் விசாவும் முத்திரையும் பக்கங்களைத் தின்றுவிடும். தட்கல் என்றால் மேலே 2,000.

காவல்துறைச் சான்று, அதாவது பி.சி.சி., பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக 500 ரூபாய். எனக்கு 19 நாள் ஆனது. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் வேறாக இருந்ததால் இரண்டு காவல் நிலையங்களுக்குப் போய் வந்தது கோப்பு.

நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, பட்டச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் அதே எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில். வெளிநாட்டில் ஒரு தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது மூன்று வெவ்வேறு ஆட்கள். ‘மூன்று பெயரும் ஒரே நபரைக் குறிக்கின்றன’ என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் இதை முன்பே செய்யாமல் ஆறு வாரம் இழந்தேன்.

செவிலியர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டை இ.சி.ஆர். என்பார்கள். என்னுடையது அது தேவைப்படாத நான்-இ.சி.ஆர். பாஸ்போர்ட், அதனால் கவலையில்லை என்று இருந்துவிட்டேன். ஆனால் இ.சி.ஆர். பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களுக்கு, பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும் அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளம் வழியாக அனுமதி வேண்டும் என்று 2015இலிருந்து விதி. அந்தப் பட்டியலில் சூடான், தெற்கு சூடான், சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான், லெபனான், லிபியா எல்லாம் இருக்கின்றன. உங்கள் ஒப்பந்தம் இதற்குள் வருமா, யார் விண்ணப்பிப்பது என்று அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விமான நிலையத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

மாநில நர்சிங் கவுன்சிலின் நற்சான்று, மருத்துவர்கள் என்றால் மருத்துவக் கவுன்சிலின் நற்சான்று, இவற்றுக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரைக்கு ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய்தான், மற்றதெல்லாம் நடுவில் இருப்பவர் வாங்குவது. என் கையிலிருந்து மொத்தம் 14,000 சொச்சம் போனது. அதில் ஏறக்குறைய 6,000 ஒரு ஏஜென்டிடம் கொடுத்தது, கொடுத்திருக்கத் தேவையில்லை.

3. ஊசிகள்

ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், 300 ரூபாய் அளவில். எல்லா நாளும் கிடையாது, குறிப்பிட்ட நாட்களில் மட்டும். வெளியூரிலிருந்து போகிறவர்கள் நாளை உறுதி செய்துகொண்டு பஸ் ஏறுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள், அதன் எண்ணைத்தான் மஞ்சள் அட்டையில் எழுதுவார்கள். போட்டுக்கொண்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். அட்டை இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடலாம்.

ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, முழுதாக முடிய ஆறு மாதம். அதனால் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். மலேரியா மாத்திரை ஊரிலிருந்து திரும்பிய பிறகும் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம்.

4. காப்பீடு: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பாலிசியைக் கண்ணால் பாருங்கள்

நான் மயிரிழையில் தப்பியது இதில்தான். முதலில் என்னைக் கூப்பிட்டது ஒரு சிறு அமைப்பு. ‘முழுக் காப்பீடு உண்டு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. பாலிசியைக் காட்டுங்கள் என்றேன், அனுப்புகிறோம் என்றார்கள், மூன்று வாரம் வரவில்லை. விடாமல் கேட்டு வாங்கியபோது 31 பக்கம், 22ஆம் பக்கத்தில் விலக்குகள் என்ற தலைப்பின் கீழே: போர், உள்நாட்டுப் போர், கிளர்ச்சி, பயங்கரவாதம். போர் நடக்கும் ஊருக்கு அனுப்புகிறார்கள், போரால் வரும் காயத்துக்குக் காப்பீடு இல்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், அந்தப் பக்கத்தை அவர்களே படித்திருக்கவில்லை. நான் அங்கே போகவில்லை.

நீங்கள் இங்கே சொந்தமாக எடுத்து வைத்திருக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு, பயணக் காப்பீடு இரண்டையும் எடுத்துப் பாருங்கள், பொதுவாக அவற்றிலும் இதே விலக்கு இருக்கும். ஆயுள் காப்பீடு இருந்தால் எங்கே, என்ன வேலைக்குப் போகிறேன் என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, கிடைத்தது என்ற பதிலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பின்னால் ‘மறைத்துவிட்டார்’ என்று குடும்பத்திடம் சொல்ல வழி வைக்கக்கூடாது.

அமைப்பின் பாலிசியில் இவற்றைத் தேடுங்கள்: போரும் பயங்கரவாதமும் சேர்த்தி என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா. காயம்பட்டால் விமானத்தில் எந்த ஊருக்குக் கொண்டுபோவார்கள், அதை யார் முடிவு செய்வார்கள். இறந்தால், கை கால் போனால் எவ்வளவு, யாருக்கு. உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு. திரும்பி வந்த பிறகு மனநலச் சிகிச்சைக்கு எத்தனை மாதம். காப்பீடு உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறதா, அங்கே இறங்கிய பிறகா. ஓய்வு விடுமுறையில் பக்கத்து நாட்டில் இருக்கும் நாட்களும் உண்டா? கடைசியில் சொன்னதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். என்னுடன் இருந்த ஒருவர் ஓய்வுக்காக உகாண்டா போன இடத்தில் பைக் விபத்தில் காலை முறித்துக்கொண்டார், அந்த நாட்கள் பாலிசியில் இல்லை, மொத்தச் செலவும் அவர் தலையில்.

பாலிசி எண்ணும் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் வீட்டில் ஒருவரிடம் காகிதத்தில் இருக்கட்டும்.

5. பாதுகாப்பு பற்றிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்

கேட்டால் பயந்தவர் என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். ஒழுங்கான அமைப்பு இந்தக் கேள்விகளை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கும். கடந்த 12 மாதத்தில் அந்த ஊரில் உங்கள் ஆட்களுக்கு என்னென்ன நடந்தது? ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தால் எந்த வழி, யார் முடிவு? ஆள் கடத்தப்பட்டால் உங்கள் நடைமுறை என்ன? ‘இன்று அந்தச் சாலையில் போகமாட்டேன்’ என்று நான் சொல்லலாமா, சொன்னால் வேலை போகுமா? எந்த நிமிடமும் ‘ஊருக்கு அனுப்புங்கள்’ என்று கேட்க எனக்கு உரிமை உண்டா?

இவையெல்லாம் வெறும் சடங்கு இல்லை, நீதிமன்றத்தில் நிற்கும். கனடாவைச் சேர்ந்த ஸ்டீவ் டென்னிஸ் 2012இல் கென்யாவின் டடாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் கவுன்சிலுக்காக வேலை செய்தபோது காலில் சுடப்பட்டுக் கடத்தப்பட்டார், நான்கு நாள் கழித்து மீட்டார்கள். அந்தத் தாக்குதலில் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். 2015இல் ஆஸ்லோ நீதிமன்றம், அமைப்பு கடும் கவனக்குறைவாக இருந்தது என்று தீர்ப்புச் சொல்லி இழப்பீடு கொடுக்க வைத்தது. ஆட்களை அனுப்பும் அமைப்புகள் எல்லாம் இந்த வழக்கை அறிந்து வைத்திருக்கின்றன.

வண்டியில் இருக்கும் அமைப்பின் சின்னத்தை மட்டும் நம்பவேண்டாம். 2024 ஏப்ரல் 1 அன்று காசாவின் டெய்ர் அல் பலாவில் உணவு வழங்கும் ‘வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்’ அமைப்பின் பணியாளர்கள் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். போகும் பாதையை இஸ்ரேல் ராணுவத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், வண்டிக் கூரையில் சின்னமும் இருந்தது. இரவில் டிரோன் கேமராவுக்கு அது தெரியவில்லை என்று அந்த ராணுவமே பிறகு சொன்னது. அதனால் ‘பாதையைத் தெரிவிக்கிறோம்’ என்று சொன்னால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: யாருக்குத் தெரிவிக்கிறீர்கள், பெற்றுக்கொண்டதாக அங்கிருந்து பதில் வருகிறதா, இரவுப் பயணம் உண்டா?

6. பயிற்சி

ஐ.நா.வின் ‘பிசேஃப்’ என்ற பாதுகாப்பு இணையப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துச் சான்றிதழை எடுத்து வையுங்கள். நேரில் நடக்கும் ‘ஹீட்’ பயிற்சி மூன்றிலிருந்து ஐந்து நாள், சோதனைச் சாவடி, துப்பாக்கிச் சூடு, கடத்தல் எல்லாம் நடித்துக் காட்டி நம்மையும் நடிக்க வைப்பார்கள். விலை அதிகம், அமைப்புதான் கட்ட வேண்டும். நைரோபியில் எனக்குக் கொடுத்த நான்கு நாளில், கண்ணைக் கட்டி முழங்காலில் உட்கார வைத்த இருபது நிமிடத்தில் என் மூச்சு எப்படி ஓடுகிறது என்று எனக்கே முதல்முறை தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அந்தப் பயிற்சி அறைதான். பயிற்சி இல்லாமல் அனுப்புகிறோம் என்றால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

7. உயில், நாமினி, மூடிய உறை

உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். உங்கள் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். சாட்சிகள் உயிலால் பலன் அடைபவர்களாக இருக்க வேண்டாம். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது.

நாமினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வங்கி, பி.எஃப்., ஆயுள் காப்பீடு, நகைக் கடன். என் பி.எஃப். கணக்கில் நாமினி என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தது. அப்பா போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அப்புறம் அம்மா பெயரை ஏற்றினேன். அரை மணி நேர வேலை.

அடுத்து, அமைப்பு உங்களிடம் ஒரு படிவம் கொடுக்கும். கடத்தப்பட்டால் நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதி செய்ய, உங்களுக்கு மட்டுமே பதில் தெரிந்த மூன்று நான்கு கேள்விகளை எழுதி, உறையில் ஒட்டித் தர வேண்டும். ஃபேஸ்புக்கிலோ பழைய படங்களிலோ கண்டுபிடிக்க முடிகிற பதில் கூடாது. பள்ளிக்கூடப் பெயர், நாய்க்குட்டி பெயர் வேண்டாம். பயத்தில் நினைவு மங்கினாலும் மறக்காத பதிலாக இருக்க வேண்டும். நான் ஆச்சி வீட்டுப் பரணில் ஒளித்து வைத்த ஒரு பொருளைப் பற்றி எழுதினேன். சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து ‘என்னடா எழுதுற’ என்று கேட்டாள், ஆபீஸ் படிவம் என்றேன். அது தப்பு. இரண்டு நாள் கழித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் ஒருவருக்காவது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அமைப்பு தொடர்புகொள்ளும் ஒருவரை வீட்டில் நியமியுங்கள், அது பெரும்பாலும் அம்மாவாக இல்லாமல் நிதானமாகப் பேசக்கூடிய அக்காவோ மச்சானோ சித்தப்பாவோ இருக்கட்டும். அவரிடம் நான்கு விஷயம் சொல்லி வையுங்கள்: செய்தி வந்தால் முதலில் அமைப்பின் எண்ணைக் கூப்பிடு, டிவிக்காரர்களிடம் பேசாதே, என் படத்தை எங்கேயும் போடாதே, பணம் கேட்டு யாராவது கூப்பிட்டால் உடனே அமைப்புக்குச் சொல்.

8. பெட்டி, போன், டாலர்

உள்நாட்டுச் சிறு விமானங்களில் 20 கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை எதுவும் வேண்டாம். அனுமதி இல்லாமல் செஞ்சிலுவைச் சின்னத்தைப் பையில் ஒட்டாதீர்கள், 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி அது இந்தியாவிலேயே குற்றம், அங்கேயோ உண்மையான செஞ்சிலுவைக்காரர்களின் உயிருக்கு ஆபத்து.

டாலர் நோட்டு புதிதாக, மடிப்பும் கறையும் இல்லாமல், சமீபத்தில் அச்சான வரிசையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய நோட்டைத் தெற்கு சூடானில் கடைக்காரர் கையால் தொடமாட்டார்.

சாவடியில் போனை வாங்கிப் பார்ப்பார்கள். ஆயுதப் படம், அரசியல் ஃபார்வர்டு, நம் வாட்ஸப் குழுக்களில் தானாக வந்து சேரும் போர் வீடியோக்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். முடிந்தால் ஒரு வெற்றுப் போன் கொண்டுபோங்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்னப் பை தயாராக இருக்க வேண்டும். பாஸ்போர்ட், டாலர், தண்ணீர், டார்ச், மருந்து, செருப்புக்குப் பதில் ஷூ.

இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள், இலங்கையிலிருந்து போகிறவர்கள் தங்கள் தூதரகத்தில். 2023இல் சூடானில் சண்டை வெடித்தபோது ‘ஆபரேஷன் காவேரி’யில் போர்ட் சூடானிலிருந்து ஜெட்டாவுக்கு இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு நாளில் பட்டியலில் உங்கள் பெயரும் எண்ணும் ஏற்கனவே இருக்கட்டும்.

9. திரும்பிய பிறகு

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாக எங்கிருந்து வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பில்களை அமைப்புக்கு முதல் வாரமே அனுப்புங்கள். மனநல ஆலோசனை அமர்வுகளை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றினாலும், வாங்கிக்கொள்ளுங்கள். நான் அக்டோபரில் வந்தேன். தீபாவளிக்கு முந்தைய நாள் தெருவில் ஒரு பையன் லட்சுமி வெடி வைத்தான், நான் வாசல் திண்ணைக்குக் கீழே தரையில் கிடந்தேன், கையில் காப்பி டம்ளரோடு. ஆறாவது மாதத்தில்தான் தூக்கம் சரியானது. முடிந்தால் தீபாவளி தாண்டித் திரும்புங்கள்.

10. அங்கேயே இருப்பவர்களுக்காக

கொல்லப்படும் உதவிப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டு ஆட்கள். ஓட்டுநர், காவலர், மொழிபெயர்ப்பாளர், சத்துணவு கொடுக்கும் பெண். நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் ‘பசிக்கு எதிரான செயல்’ அமைப்பின் பணியாளர்கள் 17 பேரை அவர்கள் அலுவலக வளாகத்திலேயே கொன்றார்கள், எல்லோரும் உள்நாட்டவர்கள், 16 தமிழர், ஒரு முஸ்லிம். இதுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

ஆகஸ்ட் 19 உலக மனிதநேய நாள், 2003இல் பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்த தேதி. அன்று மெழுகுவத்தி ஏற்றுங்கள், நல்லது. அதோடு உங்கள் அமைப்பிடம் ஒரு கேள்வியைப் போட்டு வையுங்கள்: உள்ளூர்ப் பணியாளருக்கு இறப்புக் காப்பீடு எவ்வளவு, வெளியேற்றும் திட்டத்தில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இடம் உண்டா? நான் நேர்காணலிலேயே கேட்டேன், பதில் சொல்லக் கொஞ்சம் திணறினார்கள், ஆனாலும் சொன்னார்கள்.

உங்கள் கையால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூட வேலை செய்த உள்ளூர்க்காரர்களுக்கு அனுபவச் சான்றுக் கடிதம், அமைப்பின் தாளில், முத்திரையோடு. முகாம் கலைந்தால் அடுத்த வேலைக்கு அதுதான் அவர்களிடம் இருக்கும். மலக்காலில் எங்கள் ஓட்டுநர் மூன்று அமைப்புகளின் கடிதங்களைச் சர்க்கரைப் பாலிதீன் கவரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருப்பார், மழை பெய்தால் கை முதலில் அங்கேதான் போகும். கடிதத்தைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். எனக்கு வெள்ளிக்கிழமை விமானம் என்று சொல்லியிருந்தார்கள், புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டு பேருடைய கடிதத்தை மதுரையிலிருந்துதான் அனுப்ப முடிந்தது, அது போய்ச் சேர நாலு மாதம் ஆனது.